இந்த ஓணத்துக்கு மாவேலி யார்?

“இந்த வருஷம் நான் மாவேலி வேஷம் கட்ட மாட்டேன்!”

ஜெயசிங் இப்படிச் சொன்னதும் ஏழாம் வகுப்பு மொத்தமும் திரும்பி அவனைப் பார்த்தது. மொத்தமும் என்றால் ஒன்பது பேர்தான். கேரளத்தில், பாறசாலையிலிருந்து காரோடு என்ற ஊருக்குப் போகும் வழியில் இருக்கிறது அந்தப் பள்ளிக்கூடம். அங்கே மலையாள வகுப்புகளில் பிள்ளைகள் நிறைய; தமிழ் வகுப்பில் கொஞ்சம். ஒன்றாம் வகுப்பிலிருந்தே இந்த ஒன்பது பேரும் ஒன்றாகப் படித்து வந்தார்கள்.

மரகதவல்லி டீச்சர் கையிலிருந்த சாக்பீஸை மேசைமேல் வைத்தார்.

“ஏன் மக்கா? எல்லா வருஷமும் நீதானே மாவேலி?”

“அதாக்கும் டீச்சர் பிரச்சினை. எல்லா வருஷமும் நான்தான்!”

மாவேலி ஒரு ராஜா. ஓணத்துக்கு ஓணம் தன் மக்களைப் பார்க்க வருவார். பெரிய தொந்தி, முறுக்கிய மீசை, தலையில் கிரீடம், கையில் ஓலைக்குடை. பள்ளியில் ஓணம் கொண்டாடும்போது குண்டாக இருக்கும் ஒரு பையனைத் தேடிப் பிடித்து மாவேலி ஆக்குவார்கள். ஜெயசிங்கைத் தேடவே வேண்டியதில்லை. இரண்டாம் வகுப்பிலேயே அவன் தலையில் கிரீடத்தை வைத்துவிட்டார்கள்.

மற்றப் பிள்ளைகள் விளையாடுவார்கள். மாவேலி வாசலில் நிற்பார். சிரிப்பார். கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்வார். போகிறவர்களும் வருகிறவர்களும் அவர் தொந்தியை ஒரு தட்டு தட்டிவிட்டுப் போவார்கள்.

“எனக்கும் வடம் இழுக்கணும்” என்றான் ஜெயசிங். இப்போது அவன் குரல் கொஞ்சம் தாழ்ந்திருந்தது.

வடம் இழுப்பது என்றால் கயிறு இழுக்கும் போட்டி. ஓணத்துக்கு அதுதான் பெரிய விளையாட்டு. ஜெயிக்கிறவர்களுக்கு ஒரு முழு ஏத்தன்குலை, அதாவது நேந்திரன் வாழைத்தார், பரிசு.

முன் பெஞ்சிலிருந்த ரேஷ்மி எழுந்தாள்.

“டீச்சர், இந்த வருஷம் நம்ம வகுப்பு தனியா டீம் போடட்டும். போன வருஷமெல்லாம் எங்களை வேற வகுப்போட சேத்து, கை தட்டத்தான் விட்டாங்க.”

“ஒம்பது பேரை வச்சா?”

“எட்டுப் பேர் போதும் டீச்சர். இங்க தமிழ் ஏழாம் வகுப்போட முடியுது. அடுத்த வருஷம் எலியா நெய்யாற்றின்கரை ஸ்கூலுக்குப் போவான். நான் பாறசாலைக்கு. ஆளுக்கொரு திக்கு. எங்களுக்கு ஒண்ணா இருக்க இந்த ஓணம் மட்டும்தான் உண்டு.”

டீச்சர் ஒன்பது முகங்களையும் ஒரு சுற்று பார்த்தார்.

“சரி. டீம் போடுங்க. நீயே கேப்டன்.”

ரேஷ்மி ஒரு காரியத்தில் இறங்கிவிட்டால் லேசில் விடுகிறவள் இல்லை. அன்று மதியமே உடற்பயிற்சி ஆசிரியர் பொன்னுதாஸ் சாரிடம் போய் விதிமுறைகளைக் கேட்டுவிட்டு வந்தாள். ஆண், பெண் கலந்து இழுக்கலாம். எட்டுப் பேருடைய எடையும் சேர்ந்து முந்நூறு கிலோவைத் தாண்டக் கூடாது. வெளியே நின்று சத்தம் கொடுக்க ஒருவர் இருக்கலாம்.

“நான், ஜெயசிங், எலியா...” என்று எட்டுப் பேரை எண்ணினாள். ஒன்பதாவதாக மிஞ்சியது மனு. வகுப்பிலேயே ஒல்லியான பையன்.

“மனு, நீ தண்ணி கொண்டு வா, என்ன?” என்றாள், அவனைச் சரியாகப் பார்க்காமலே.

மனு தலையை ஆட்டினான்.

எலியாவின் மாமா ரப்பர் ஷீட் வாங்கும் கடை வைத்திருந்தார். ஷீட்டுக் கட்டுகளை நிறுக்க அங்கே தரையில் ஒரு பெரிய எடை மேடை உண்டு. மாலையில் எட்டுப் பேரும் அதில் ஏறி நெருக்கியடித்து நின்றார்கள்.

“என் காலை மிதிக்காதலே!”

“உன் காலா? நான் ரப்பர் ஷீட்டுன்னு நினைச்சேன். அதே நாத்தம்” என்றான் எலியா.

“ஆடாதீங்க! எண் நிக்க மாட்டேங்குது” என்று கீழே நின்று மனு கத்தினான்.

எண் நின்றது. முந்நூற்று நான்கு.

 ஏழு பேருடைய கண்களும் ஒரே பக்கம் போயின. ஜெயசிங் பக்கம்.

அவன் மெதுவாகக் கீழே இறங்கினான்.

“நான் குறைச்சிருவேன்” என்றான்.

“ஓணத்துக்கு இனியும் ரெண்டு வாரம் உண்டு. முடியுமாலே?” என்று கேட்டாள் ரேஷ்மி.

“முடியும்.”

“அப்போ சரி.”

அந்தப் பேச்சு அத்தோடு முடிந்துவிட்டது என்று ரேஷ்மி நினைத்தாள்.

மறுநாள் முதல் பயிற்சி ஆரம்பமானது. மைதானத்து ஓரத்தில் நின்ற தென்னை மரத்தில் வடத்தைக் கட்டி, எட்டுப் பேரும் இழுத்தார்கள். கடைசி ஆள் ஜெயசிங். அவன் குதிகாலைத் தரையில் குத்திப் பின்னால் சாய்ந்தால் வடம் கம்பிபோல விறைத்து நிற்கும்.

மலையாள வகுப்பின் கேப்டன் அனூஜ் சைக்கிளை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தான்.

“யாரு ஜெயிச்சது? நீங்களா, தென்னையா?”

“தென்னைக்கு உன்னைவிட பலம் கூடுதல். அதாக்கும் அதுகூட பழகுதோம்” என்றாள் ரேஷ்மி.

அனூஜே சிரித்துவிட்டான்.

நாட்கள் போயின. பள்ளியில் மதியச் சாப்பாட்டுக்கு முட்டை போட்ட அன்று, எலியாவின் தட்டில் இரண்டு முட்டைகள் இருந்தன.

“உனக்கு எப்படிலே ரெண்டு?” என்று கேட்டாள் ரேஷ்மி.

“ஜெயசிங் தந்தான். அவனுக்கு வேண்டாமாம். நல்ல மனசு அவனுக்கு” என்றான் எலியா, வாய் நிறைய முட்டையோடு.

ரேஷ்மி திரும்பிப் பார்த்தாள். ஜெயசிங்கின் தட்டு கழுவி வைத்ததுபோல இருந்தது. சாப்பிட்டு முடித்துவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வகுப்புக்குக் கிளம்பினாள்.

அன்று மாலை இழுத்துக்கொண்டிருக்கும்போதே வடம் திடீரென்று தொய்ந்தது. எல்லாரும் முன்னால் போய் விழுந்தார்கள்.

“யாருலே கையை விட்டது?” என்று ரேஷ்மி கோபமாகத் திரும்பினாள்.

ஜெயசிங் தரையில் உட்கார்ந்திருந்தான். முகம் வெளுத்துக் கிடந்தது. பிறகு அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தான்.

மனுதான் முதலில் ஓடி வந்தான். முகத்தில் தண்ணீர் தெளித்தான். எலியா டீச்சரை அழைத்து வந்தான். கொஞ்ச நேரத்தில் ஜெயசிங் கண்ணைத் திறந்தான். டீச்சர் சர்க்கரை கலந்த தண்ணீரைக் குடிக்க வைத்தார்.

“காலையில என்ன சாப்பிட்டே?”

ஒன்றுமில்லை என்று ஜெயசிங் தலையை ஆட்டினான்.

“மத்தியானம்?”

மறுபடியும் அதே தலையாட்டல்.

டீச்சர் கோபத்தில் கத்துகிறவர் அல்ல. கோபம் வந்தால் அவர் குரல் மெலிந்துவிடும். இப்போதும் மெலிந்த குரலில் சொன்னார்:

“இனி நீ வடத்தைத் தொடக் கூடாது. மாவேலியா நின்னா போதும். பசிச்சுக் கிடந்து ஜெயிக்கிற ஒரு போட்டியும் என் வகுப்புக்கு வேண்டாம்.”

ஜெயசிங் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான்.

வீட்டிலிருந்து ஆள் வந்து அவனை அழைத்துப்போய், ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். பட்டினி கிடந்த மயக்கம்தான், வேறு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். அதைக் கேட்ட பிறகும் ரேஷ்மிக்கு இருப்புக்கொள்ளவில்லை. எலியாவையும் கூட்டிக்கொண்டு ஜெயசிங் வீட்டுக்குப் போனாள்.

ஜெயசிங்கின் அம்மா சுனிதா வாசலுக்கே வந்துவிட்டார்.

“வாங்க மக்களே. இவன் செய்த வேலையைப் பாத்தியளா? கேட்டா, ‘ஸ்கூல்ல வயிறு நிறைய தின்னேன், ராத்திரி வேண்டாம்’னு சொல்லுவான். நானும் நம்பினேன்.”

“ஸ்கூல்ல எங்ககிட்ட, ‘வீட்டுல வயிறு நிறைய தின்னேன்’னு சொன்னான்” என்றான் எலியா. பிறகு தலையைக் குனிந்துகொண்டான். “அந்த முட்டையை நான் வாங்கியிருக்கக் கூடாது.”

உள்ளே ஜெயசிங் ஒரு கிண்ணம் கஞ்சியோடு உட்கார்ந்திருந்தான்.

“ஏன்லே இப்படிச் செய்தே?” என்று கேட்டாள் ரேஷ்மி.

“நீதானே முடியுமான்னு கேட்டே?”

“நான்... சோறு தின்னாண்டாம்னு சொல்லலியே!”

“பின்னே எப்படிக் குறையும்?” அவன் கிண்ணத்தைக் கீழே வைத்தான். “அன்னைக்கு எண் நின்னதும் எல்லாரும் என்னைப் பாத்தீங்க. எட்டுப் பேர் சேந்துதான் ஏறினோம். ஆனா ஒருத்தர்கூட வேற ஆளைப் பாக்கல.”

ரேஷ்மிக்குச் சுரீர் என்றது. அந்த ஏழு பேரில் அவளும் ஒருத்தி. அவள்தான் முதலில் பார்த்தவள்.

“இப்போ பாரு, மறுபடியும் அந்தக் கிரீடம்தான் எனக்கு” என்றான் ஜெயசிங்.

“அதை நான் பாத்துக்கிடுதேன். நீ கஞ்சியைக் குடி.”

திரும்பி நடக்கும்போது எலியாதான் பேசிக்கொண்டே வந்தான். ஜெயசிங்கை விட்டுவிடலாமா, வேறு யாராவது குறைத்தால் என்ன, போட்டியே வேண்டாமா என்று ஏதேதோ சொன்னான். ரேஷ்மியோ எட்டுப் பேரையும் ஒவ்வொருவராக மனதுக்குள் எடை மேடையில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாள். கடைசியில் தன்னையும் ஏற்றிப் பார்த்தாள். சட்டென்று நின்றாள்.

“எலியா, நான் நாளைக்குக் காலையில மனு வீட்டுக்குப் போறேன்.”

“அவன் ஏன்? தண்ணி குடம் ஓட்டையா?”

“எலே, வாயை மூடிட்டு வா.”

மறுநாள் மனு பல் தேய்த்துக்கொண்டிருந்தான். ரேஷ்மி விஷயத்தைச் சொன்னதும் தேய்ப்பதை நிறுத்தினான்.

“நீ டீம்ல வாறியா? எனக்குப் பதிலா.”

மனு வாயைக் கொப்பளித்துவிட்டுக் கேட்டான்: “என்னை வேணும்னு கூப்பிடுதியா? இல்ல, எடை குறையணும்னு கூப்பிடுதியா?”

பொய் சொன்னால் அவன் உடனே வந்துவிடுவான். ஆனால் ரேஷ்மிக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

“எடைக்காகத்தான். நீ என்னைவிட ஏழெட்டுக் கிலோ குறைவு. ஆனா முதல்லயே உன்கிட்ட வந்து கேட்டிருக்கணும். தண்ணி கொண்டு வான்னு சொன்னது என் தப்பு.”

மனு பிரஷைக் கழுவி வைத்தான்.

“நான் தினமும் ராத்திரி எங்க கிணத்துக் கயிறை இழுத்துப் பழகுதேன்” என்றான்.

“எதுக்கு?”

“நீங்க என்னைக்காவது கூப்பிடுவீங்கன்னுதான்.”

ரேஷ்மி அவன் தோளில் ஒரு குத்து குத்தினாள். இரண்டு பேரும் சேர்ந்தே பள்ளிக்குப் போனார்கள்.

ஆசிரியர் அறையில் மரகதவல்லி டீச்சர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“ஆக, நீ வெளியே. மனு உள்ளே. ஜெயசிங் வயிறு நிறைய சாப்பிட்டாலும் எடை சரியா வரும். அப்படித்தானே?”

“ஆமா டீச்சர். நான் வெளியே நின்னு சத்தம் கொடுப்பேன்.”

“தினமும் அவன் என் முன்னாலதான் சாப்பிடணும். டாக்டரும் சரின்னு சொல்லணும்.”

“சரி டீச்சர்.”

“எல்லாம் கொள்ளாம், நல்ல யோசனைதான். ஆனா மாவேலி யாரு? ராஜா இல்லாம ஓணம் உண்டா?”

ரேஷ்மி அதையும் யோசித்து வைத்திருந்தாள்.

“நான் ஆவேன் டீச்சர்.”

“நீயா? மாவேலி ஆம்பிளையாக்கும்!”

“மீசையை ஒட்டினா போதும். ஜெயசிங்குக்கும் ஒட்டின மீசைதானே?”

“தொந்தி?”

“எங்க வீட்டுல தலையணை உண்டு.”

பக்கத்து மேசையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த பொன்னுதாஸ் சாருக்குப் புரையேறிவிட்டது. இருமி முடித்துவிட்டு, “விதிமுறையில ராஜா சத்தம் போடக் கூடாதுன்னு ஒண்ணும் இல்ல டீச்சர்” என்றார்.

டீச்சர் சிரித்தார். அதற்கு மேல் அவர் மறுக்கவில்லை.

ஆனால் ஜெயசிங் மறுத்தான்.

“என் எடையாலதானே நீ வெளியே போற? வேண்டாம்.”

“யாரு சொன்னா? கூடுதலா இருந்த நாலு கிலோ என்னோடதாக்கும். அதை நான் இறக்கி வைக்கேன். உனக்கு என்னலே?”

“நீ கேப்டன்.”

“ஆமா. கேப்டன் சொன்னா கேக்கணும். பின்னால போய் நில்லு!”

அவன் போய் நின்றான். டாக்டரும் ஓய்வெடுத்த பிறகு விளையாடலாம் என்று சொல்லிவிட்டார். மதியம்தோறும் டீச்சர் எதிரில் உட்கார்ந்திருக்க, அவன் சோறும் பயறும் சாப்பிட்டான். மீதி எட்டுப் பேரும் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எலியா தன் முட்டையைப் பாதி பிய்த்து அவன் தட்டில் வைத்தான்.

“முழுசா தரலாமே?” என்றாள் ரேஷ்மி.

“நல்ல மனசு உண்டு. ஆனா பாதிதான் உண்டு” என்றான் எலியா.

ஓணக் கொண்டாட்டத்து நாள் வந்தது. முற்றத்தில் பூக்கோலம். பெரிய வகுப்புப் பெண்கள் பொன்ஜரிகைக் கரை வைத்த கசவுச் சேலையில், வட்டமாகச் சுற்றிக் கைகொட்டித் திருவாதிரைக்களி ஆடினார்கள். வாசலில் மாவேலி நின்றிருந்தார். கிரீடம் கொஞ்சம் பெரிது. அடிக்கடி கண்ணுக்கு இறங்கியது. மீசை காதுவரை நீண்டிருந்தது.

“அய்யோ, மாவேலி பெண்ணாணே! பொம்பளை மாவேலி!” என்று அனூஜ் கூவினான்.

“பிரஜையே, சத்தம் போடாதே! உன்னை இன்னைக்கு என் படை வடத்துல கட்டி இழுக்கும்” என்றார் மாவேலி, முடிந்தவரை தடித்த குரலில்.

பொன்னுதாஸ் சார் எடை பார்த்தார். தமிழ் வகுப்பு எட்டுப் பேரும் ஏறினார்கள். ஜெயசிங் கண்ணை மூடிக்கொண்டான்.

“சரியா உண்டு. இறங்குங்க!” என்றார் சார்.

ஜெயசிங் கண்ணைத் திறந்தான். அவனை யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. எல்லாரும் வடத்தை நோக்கி ஓடிவிட்டிருந்தார்கள்.

மூன்று இழுப்புகள். இரண்டை வென்றவர்களுக்கு ஏத்தன்குலை.

முதல் விசில் ஊதியது. “இழு! இழு! இழு! இழு!” என்று ரேஷ்மி மூச்சுவிடாமல் கத்தினாள். எட்டுப் பேரும் எட்டு நேரத்தில் இழுத்தார்கள். அனூஜின் அணி ஒரே இழுப்பில் அவர்களை முன்னால் கவிழ்த்துவிட்டது. முதல் ஆளாக நின்ற மனுவின் முழங்கை சிராய்ந்தது.

“என் இடத்துல வேற ஆள் இருந்திருந்தா...” என்று மனு தொடங்கினான்.

“உன்னால இல்ல” என்றான் ஜெயசிங். நேராக ரேஷ்மியிடம் வந்தான். “நீ விளிக்கது உன் அவசரத்துக்காக்கும். நாங்க மூச்சு வாங்கண்டாமா? நாங்க மூச்சை உள்ளே இழுத்த பிறகு விளி. மெதுவா.”

ரேஷ்மிக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வாதாட நேரமில்லை.

“சரி. உன் நெஞ்சைப் பாத்துட்டே விளிக்கேன்” என்றாள்.

இரண்டாவது விசில். ரேஷ்மி குனிந்து ஜெயசிங்கையே பார்த்தாள். அவன் நெஞ்சு இறங்கியது, ஏறியது.

“ஏலோ...” என்றாள்.

எட்டு முதுகுகளும் ஒன்றாகச் சாய்ந்தன.

“ஏலோ...”

வடம் ஒரு சாண் வந்தது. இன்னொரு சாண். அனூஜின் காலடியில் மண் வழுக்கியது. இரண்டாவது இழுப்பு தமிழ் வகுப்புக்கு!

மூன்றாவது விசிலுக்கு முன்னால் ரேஷ்மி ஓலைக்குடையை டீச்சர் கையில் கொடுத்தாள். தலையணையை உருவி எறிந்தாள். தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

வடம் இறுகியது. இந்த முறை இரண்டு பக்கமும் அசையவில்லை. மலையாள வகுப்பு முழுவதும் ஒரு பக்கம் நின்று கத்தியது. மனு பல்லைக் கடித்துக்கொண்டான். எலியா முதல்முறையாக ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தான். வடம் மெல்ல மெல்ல அனூஜ் பக்கம் நகர ஆரம்பித்தது.

கத்த வேண்டும்போல ரேஷ்மிக்குத் தொண்டை அரித்தது. அவள் கத்தவில்லை. ஜெயசிங்கின் நெஞ்சையே பார்த்தாள். அவன் மூச்சை உள்ளே இழுத்தான். மற்ற ஏழு பேரும் மூச்சை இழுக்கும்வரை காத்திருந்தாள். மனு கடைசியாக இழுத்தான்.

“ஏலோ!”

ஜெயசிங்கின் குதிகால் மண்ணுக்குள் இறங்கியது. வடம் நின்றது.

“ஏலோ!”

வடம் திரும்பியது.

“ஏலோ!”

அனூஜ் முட்டி மடங்கி விழுந்தான். பிடி விட்டுப்போன வடம் ஒரேயடியாக இந்தப் பக்கம் பாய்ந்து வந்தது. எட்டுப் பேரும் ஒருவர்மேல் ஒருவராகப் பின்னால் சரிந்தார்கள். எல்லாருக்கும் அடியில் ஜெயசிங்.

பொன்னுதாஸ் சார் விசிலை ஊதிக்கொண்டே இருந்தார். டீச்சர் ஓலைக்குடையைத் தலைக்குமேல் சுழற்றினார்.

“எலே, எந்திரிங்கலே! மூச்சு முட்டுது!” என்று அடியிலிருந்து குரல் வந்தது.

யாரும் எழுந்திருக்கவில்லை. அதற்குள் தடதடவென்று யாரோ ஓடிவந்து குவியலின் உச்சியில் குதித்தார்கள்.

“அம்மாடி! இப்போ மேல விழுந்தது யாருலே?” என்று கத்தினான் ஜெயசிங்.

“மாவேலியாக்கும்!” என்றாள் ரேஷ்மி. அவள் மீசை எலியாவின் காதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அடியில் கிடந்த ஜெயசிங் சிரித்த சிரிப்பில் மொத்தக் குவியலும் குலுங்கியது.